ஒரு நிமிடமா, இருபது நிமிடமா?

தெருவில் ஓட்டும் டயரோடு பந்தயத் தடத்துக்குப் போகிறவர்களின் கணக்கு

காலை பத்து மணி, இருங்காட்டுக்கோட்டை. ஹூண்டாய் ஆலைக்கு ஆள் ஏற்றிவந்த பேருந்துகள் நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கின்றன. கொஞ்சம் தள்ளி, மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்டின் பிட் லேனுக்குள் ஒரு சிவப்பு ஸ்விஃப்ட் வந்து நிற்கிறது. ஓடியது நான்கே சுற்று. இறங்கியவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. நேராக முன்பக்க இடது டயரின் அருகே போய்க் குந்துகிறார்.

டயரின் வெளி விளிம்பில் கறுப்புத் திரிகள். பள்ளிக்கூடத்தில் அழிரப்பரால் அழுத்தித் தேய்த்தால் தாளில் உருண்டு நிற்குமே, அப்படி. நகத்தால் சுரண்டினால் கையோடு வருகிறது. டயரின் நடுப்பகுதியில் புதுசுக்கு உரிய பளபளப்பு இன்னும் போகவில்லை, ஓரம் மட்டும் ஒரு வருடம் ஓடியது போல இருக்கிறது. பிரேக்கும் ரப்பரும் கலந்த நெடி மூக்கில் ஏறுகிறது. வால்வில் கேஜை வைத்தால் முள் 41-ல் நிற்கிறது. விடிகாலையில் பெட்ரோல் பங்க்கில் 33 வைத்துவிட்டுக் கிளம்பியவர் அவர்.

“எவனாவது காத்து அடிச்சிட்டானா?” என்று பக்கத்துக் கார்க்காரரைப் பார்த்துச் சிரிக்கிறார்.

யாரும் அடிக்கவில்லை. அடித்தது சூடு.

சொந்தக் காரை ஒருநாள் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் ‘டிராக் டே’ ஆசை சென்னை, கோவை, பெங்களூர் இளைஞர்களிடம் நன்றாகவே பற்றிக்கொண்டிருக்கிறது. கூடவே வரும் முதல் கேள்வி, “எந்த டயர் போடலாம்?” பதிலுக்கு ஆளுக்கொரு பிராண்ட் பெயர் வரும். கேட்டவர் எவ்வளவு நேரம் ஓட்டப்போகிறார் என்று திருப்பிக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் டயர்த் தேர்வில் பாதி அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும்.

200: ஒரு எண், ஆயிரம் சண்டை

இந்தப் பேச்சு பிறந்த இடம் அமெரிக்கா. அங்கே ஆட்டோகிராஸ் என்பது பெரிய வாகன நிறுத்தத்திலோ பழைய விமான தளத்திலோ ஆரஞ்சு நிறக் கூம்புகளை நட்டு, ஒரு நேரத்தில் ஒரே காரை ஓடவிட்டு, கடிகாரத்தோடு மோதும் விளையாட்டு. நம்மூரில் ஆட்டோகிராஸ் என்றால் பெரும்பாலும் மண் பறக்கும் மைதானம். பெயர் ஒன்று, ஆட்டம் வேறு. அமெரிக்க ஆட்டத்தின் பெரிய அமைப்பு ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா, சுருக்கமாக எஸ்சிசிஏ. நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில், பழைய விமான தளத்து கான்கிரீட்டில் அது நடத்தும் தேசியப் போட்டிக்கு ஆயிரம் பேருக்கு மேல் வருவார்கள். சோழவரம் ஓடுதளத்தில் கார் பந்தயம் பார்த்த தலைமுறைக்கு இந்தக் காட்சி அந்நியமாக இருக்காது.

தெருவில் ஓடும் கார்களுக்கான பிரிவில் எல்லோரும் பந்தய டயரை மாட்டிக்கொண்டு வந்துவிட்டால் பணக்காரர்தான் ஜெயிப்பார். அதனால் எஸ்சிசிஏ ஒரு கோடு போட்டது: டயரின் தேய்மான எண் 200க்குக் குறையக் கூடாது. ஓட்டை உடைசல் கார்களை வைத்து நடக்கும் ‘24 ஹவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்’ என்ற கேலிப் பந்தயமும் இதே எண்ணைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், அந்த எண் பிடிமானத்தை அளப்பதே இல்லை. எவ்வளவு சீக்கிரம் தேயும் என்பதை மட்டும் சொல்வது அது. அந்த மதிப்பெண்ணைப் போடுவதும் டயரைச் செய்த நிறுவனமேதான். விடைத்தாளை எழுதியவரே திருத்துகிற ஏற்பாடு. கோடு 200-ல் என்றதும், பக்கச்சுவரில் 200 என்று அச்சடித்து, உள்ளே பந்தய ரப்பருக்குச் சித்தப்பா மகன் போன்ற கலவையை வைத்து டயர்கள் வந்தன. யோகோஹாமாவின் அட்வான் ஏ052, பிரிட்ஜ்ஸ்டோனின் பொட்டென்சா ஆர்இ-71ஆர்எஸ், ஹான்கூக்கின் வென்டஸ் ஆர்எஸ்4, ஃபால்கனின் அசெனிஸ் ஆர்டி660 எல்லாம் இந்த வட்டத்தில் அடிபடும் பெயர்கள். அத்தனையும் ‘200’. ஆனால் ஒன்றின் குணம் மற்றொன்றுக்குக் கிடையாது.

■ பெட்டிச் செய்தி: டெக்சாஸில் தேயும் டயர்கள்

அமெரிக்காவில் விற்கும் கார் டயரின் பக்கச்சுவரில் மூன்று தர அடையாளங்கள் இருக்க வேண்டும்: தேய்மானம், ஈரச்சாலையில் பிரேக் பிடிப்பு, சூடு தாங்கும் திறன்.

தேய்மானச் சோதனை டெக்சாஸ் மாநிலத்தின் சான் ஏஞ்சலோ நகரைச் சுற்றிய பொதுச் சாலைகளில் நடக்கிறது. ஒரு சுற்று 400 மைல். கார்கள் வரிசை கட்டி மொத்தம் 7,200 மைல், அதாவது சுமார் 11,600 கிலோமீட்டர் ஓடும். கூடவே ஓடும் ஒப்பீட்டு டயரோடு வைத்துப் பார்த்துத் தேய்மானத்தைக் கணக்கிடுவார்கள். 100 என்பது அடிப்படை. 200 என்றால் அதைவிட இருமடங்கு தாங்கும் என்று பொருள்.

ஈரப் பிடிப்புக்கான ‘ஏஏ, ஏ, பி, சி’ தரம் நேர்கோட்டில் பிரேக் அடிப்பதை மட்டும் பார்க்கிறது. வளைவில் டயர் எப்படி நடந்துகொள்ளும் என்பது அதில் சேராது.

தண்ணீர் தெளிக்கும் வீரர்கள்

ஆட்டோகிராஸில் ஒரு ஓட்டம் ஏறத்தாழ ஒரு நிமிடம். தேசியப் போட்டியில் நாளைக்கு மூன்றே ஓட்டம், இரண்டு நாளும் வேறு வேறு பாதை. முதல் வளைவிலேயே டயர் பிடித்தாக வேண்டும், சூடேறட்டும் என்று காத்திருக்க நேரம் கிடையாது.

ஏ052-க்கு இங்கே பேர் வந்ததன் காரணம் அதுதான். குளிர்ந்த நிலையிலிருந்து கிளம்பி, சில வளைவுகளுக்குள் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அதன் பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஒரே காரை இரண்டு பேர் மாறி மாறி ஓட்டினால் டயர் ஆறுவதற்குள் அடுத்த ஓட்டம் வந்துவிடும். அப்போது பார்க்க வேண்டும் வேடிக்கையை: செடிக்கு மருந்தடிக்கும் கை பம்ப் ஸ்பிரேயரைத் தூக்கிக்கொண்டு ஒருவர் ஓடிவருவார். நான்கு டயருக்கும் தண்ணீர் தெளிப்பார். ரப்பரிலிருந்து ஆவி கிளம்பும். காரை ஓரடி முன்னே தள்ளச் சொல்லி, தரையைத் தொட்டிருந்த பக்கத்துக்கும் தெளிப்பார். குளிர்காலக் காலைப் போட்டிகளில் கதை தலைகீழ். அங்கே டயரைப் போர்வையால் மூடி வெயிலில் காட்டுகிறவர்களும் உண்டு.

தெளிப்பது வெறும் சடங்கு இல்லை. ரப்பர் சாலையைப் பிடிப்பது இரண்டு வழியில். ஒன்று, தரையின் பரப்போடு நேரடியாக ஒட்டிக்கொள்வது. இன்னொன்று, தரையின் நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் அமுங்கி, மெதுவாகத் திரும்பி எழும்போது ஆற்றலை உள்வாங்கிக்கொள்வது. இரண்டுக்கும் ரப்பர் ஒரு குறிப்பிட்ட பதத்தில் இருக்க வேண்டும். குளிர்ந்தால் விறைக்கிறது, அளவு மீறிச் சூடானால் குழைந்து வழுக்குகிறது. பாகு பதம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

இருபது நிமிடம் வேறு உலகம்

இருங்காட்டுக்கோட்டைத் தடம் சுமார் 3.7 கிலோமீட்டர், 12 திருப்பங்கள். டிராக் டேயில் ஒரு அமர்வு பொதுவாகப் பதினைந்து, இருபது நிமிடம். ஆட்டோகிராஸ் ராஜா அதே டயரோடு இங்கே வந்தால் முதல் இரண்டு சுற்றில் பறப்பார். ஐந்தாவது சுற்றில் ஸ்டீயரிங் லேசாகும், கார் வளைவின் வெளிப்பக்கம் நழுவும், எண்ணெய் கொட்டிய தரைபோலத் தோன்றும். டயர் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பதம் தாண்டிவிட்டது. ஒரு சுற்று நிதானமாக ஓட்டி ஆறவிட்டால் பெரும்பாலும் திரும்பி வரும். பிடிவாதமாக அடித்தால் ரப்பர் துண்டு துண்டாகப் பிய்ந்துகொண்டு போகும்.

நீண்ட ஓட்டத்துக்கு ஆர்எஸ்4 போன்ற டயர்களைத் தேடுவது இதனால்தான். முதல் சுற்றில் அது மந்தமாக இருக்கும், கோபமூட்டும். சூடேறிய பிறகு அதே குணத்தோடு நிமிடக் கணக்கில் நிற்கும். மணிக்கணக்கில் ஓடும் லெமன்ஸ் வகைப் பந்தயக்காரர்களுக்கு ஒரு சுற்றின் பத்தில் ஒரு வினாடி முக்கியமில்லை, நடுவில் டயர் மாற்றாமல் ஓடுவதுதான் முக்கியம். இரண்டுக்கும் நடுவே ஆர்இ-71ஆர்எஸ் போன்றவை. சீக்கிரம் சூடேறும், ஏ052-ஐவிடச் சற்றே தாங்கும்.

இதற்கெல்லாம் ஒரு படி கீழே, மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் போன்ற 300 எண் டயர்கள். தினமும் அலுவலகம், மாதத்துக்கு ஒரு மலைப்பாதை, வருடத்துக்கு இரண்டு டிராக் டே என்று வாழ்கிறவருக்கு நியாயமான தேர்வு இந்தப் படிதான். மழையில் நம்பலாம், சத்தம் குறைவு. தடத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் கசக்கினால் மட்டும் முனகும்.

ஒரு விஷயத்தை விற்பனையாளர்கள் சொல்வதில்லை. புதிதாகத் தடத்துக்கு வருகிறவருக்கு ஒட்டும் டயர் நல்ல ஆசிரியர் இல்லை. கம்பெனி டயர் எல்லைக்குப் பத்தடி முன்பே கீச்சிட்டு எச்சரிக்கும், மெதுவாகத்தான் நழுவும். ஒட்டும் டயர் கடைசிவரை வாய் திறக்காது. விட்டால் சட்டென்று விடும், அதுவும் அதிக வேகத்தில். முதல் இரண்டு மூன்று டிராக் டேக்கு காரோடு வந்த டயரே போதும், அது பழுதில்லாமல் இருந்தால்.

டயர் ஆலைகளுக்கு நடுவே ஒரு டயர்ப் பஞ்சம்

இப்போது நம்மூர் வேடிக்கைக்கு வருவோம். தடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் உள்ளே விழுவதெல்லாம் டயர் ஆலைகள். ஸ்ரீபெரும்புதூரில் ஜேகே டயர், ஒரகடத்தில் அப்போலோ, அதே வட்டாரத்தில் சியட், வடக்கே தேர்வாய்க் கண்டிகையில் மிஷெலின், அரக்கோணத்திலும் திருவொற்றியூரிலும் எம்ஆர்எஃப். அந்த எம்ஆர்எஃப் 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய பட்டறை. 2022-ல் ஐரோப்பிய ராலி சாம்பியன்ஷிப்பை ஸ்பெயின் வீரர் எஃப்ரேன் யரேனா வென்றது இந்த நிறுவனத்தின் அணிக்காக, இதன் டயர்களில்.

ஆனால் டிராக் டேக்காரர் கடைக்குப் போய் ஏ052 கேட்டால், கடைக்காரர் அந்தப் பெயரைத் திரும்பச் சொல்லச் சொல்வார். 2020 ஜூனில் மத்திய அரசு புதிய டயர்களின் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. கொண்டுவர உரிமம் வேண்டும். அதற்கு முன்பிருந்தே இந்தியத் தரநிர்ணய முத்திரை கட்டாயம். லட்சக்கணக்கில் விற்கும் அளவுகளுக்கு இந்தச் சடங்குகளைச் செய்ய நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகும். சில நூறு பேர் கேட்கும் டயருக்கு எவர் மெனக்கெடுவார்?

இன்னொரு காரணம் நம் பழக்கத்திலேயே இருக்கிறது. டயர்க் கடைக் கவுண்டரில் முதல் கேள்வி “எவ்வளவு கிலோமீட்டர் ஓடும்ணே?” என்பதுதான். பிடிமானத்தைக் கேட்பவர் அபூர்வம். கேட்பதைத்தானே செய்து விற்பார்கள்? நீண்ட நாள் உழைக்கும் கெட்டி ரப்பர், குறைந்த சத்தம், மைலேஜ் என்று நம் சந்தை டயர்கள் வேறு திசையில் வளர்ந்திருக்கின்றன. ஆக்டேவியா போன்ற கார்களின் 225/45 ஆர்17 அளவுக்காவது நாலு நல்ல தேர்வு உண்டு. ஸ்விஃப்டின் 15 அங்குலத்துக்கு அது சுருங்கிவிடுகிறது. சின்னக் கார்க்காரர்தான் டிராக் டேக்கு அதிகம் வருகிறார் என்பது தனிச் சோகம்.

பிராண்ட் கைக்கு எட்டாதபோது மற்ற விஷயங்களில் கவனம் வைத்தவர்கள் ஜெயிக்கிறார்கள். அளவு, வயது, காற்று, கேம்பர்.

■ பெட்டிச் செய்தி: பக்கச்சுவரைப் படிக்கலாம்

185/65 ஆர்15 88எச் என்றால்: அகலம் 185 மில்லிமீட்டர். பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், அதாவது சுமார் 120 மில்லிமீட்டர். ரேடியல் அமைப்பு, 15 அங்குல ரிம். 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதன் குறி. எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. வி 240, டபிள்யூ 270, ஒய் 300.

இதே ரிம்மில் 195/60 போட்டால் பத்து மில்லிமீட்டர் அகலம் கூடும், பக்கச்சுவர் கொஞ்சம் குட்டையாகும். டயரின் மொத்த விட்டம் 622-லிருந்து 615 மில்லிமீட்டராகக் குறையும். ஒரு சதவீத வித்தியாசம்தான், ஸ்பீடோமீட்டர் பெரிதாகப் பொய் சொல்லாது.

ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம் பிறந்த டயர். கடையில் இதைத் தேடிப் படித்துவிட்டுத்தான் பணம் எண்ண வேண்டும்.

ஓரம் மட்டும் ஏன் தேய்ந்தது?

சிவப்பு ஸ்விஃப்டுக்குத் திரும்புவோம். முன்சக்கரம் இழுக்கும் கார். பிரேக் அடிப்பதும் திரும்புவதும் இழுப்பதும் முன்னிரண்டு டயர்களின் தலையிலேயே. வளைவில் உடல் சாயும்போது சக்கரமும் வெளியே சாய்கிறது. டயர் தன் முழு அகலத்தில் நிற்காமல் வெளி விளிம்பில் நிற்கிறது. சக்கரத்தின் மேல்பக்கத்தை லேசாக உள்ளே சாய்த்து வைத்தால், அதாவது நெகட்டிவ் கேம்பர் கொடுத்தால், வளைவில் அது நிமிர்ந்து முழுப் பாதமும் தரையில் படும். ஆனால் குடும்பக் காராக வடிவமைத்த வண்டிகளில் கேம்பரைத் திருத்த ஆலை பெரிதாக இடம் வைப்பதில்லை. தனி போல்ட், பிளேட் என்று செலவு செய்ய வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடித்துவிட்டு விலை உயர்ந்த டயர் வாங்கினால், விலை உயர்ந்த ஓரம் தேயும்.

அடுத்தது காற்று. டயருக்குள் இருக்கும் காற்று பத்து டிகிரி சூடேறினால் அழுத்தம் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். 33 என்பது 41 ஆனது என்றால் உள்ளே ஐம்பது டிகிரி கூடியிருக்கிறது. அழுத்தம் மீறினால் டயர் பலூனாகி நடுப்பகுதியில் மட்டும் நிற்கும். மிகக் குறைத்தால் பக்கச்சுவர் மடங்கி ஓரத்தில் படுத்துவிடும். எவ்வளவு சரி என்பதற்குப் பழைய வித்தை ஒன்று உண்டு. சாக்பீஸ் எடுத்து டயரின் தோளில், தரையைத் தொடும் பகுதியிலிருந்து பக்கச்சுவர் வரை மூன்று நான்கு கோடு போட வேண்டும். ஓடிவிட்டு வந்து பார்த்தால் எதுவரை அழிந்திருக்கிறதோ அதுவரை டயர் மடங்கியிருக்கிறது. பக்கச்சுவரின் மேல் சின்ன முக்கோணக் குறிகள் இருக்கும். அந்த முனையைத் தாண்டிச் சாக்பீஸ் அழிந்தால் காற்று போதாது. முனைக்கு வெகு முன்பே நின்றால் காற்று அதிகம். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ஊசி முனை கொண்ட வெப்பமானியை ரப்பருக்குள் குத்தி உள், நடு, வெளி என மூன்று இடத்தில் பார்க்கலாம். துப்பாக்கி வடிவ அகச்சிவப்புக் கருவி மேல்தோலை மட்டுமே சொல்லும். பிட்டுக்குள் வருவதற்குள் அது ஆறிப்போயிருக்கும்.

நல்ல டயர் கூட்டிவரும் செலவுகள்

பிடிமானம் கூடினால் அந்த விசை எங்கேயோ போய்த்தானே ஆக வேண்டும்? முதல் அடி பிரேக்குக்கு. முன்பு டயர் வழுக்கிய இடத்தில் இப்போது பேட் கடிக்கிறது, பிரேக் ஆயில் கொதிக்கிறது, பெடல் பஞ்சுபோல உள்ளே போகிறது. அடுத்து உடல் சாய்வு கூடும், வீல் பேரிங் முனகும். நீண்ட வளைவில் இன்ஜின் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்புக்கு எட்டாமல் போவதும் உண்டு. அனுபவசாலிகள் டயருக்கு முன் பிரேக் ஆயிலையும் பேடையும் மாற்றச் சொல்வது சும்மா இல்லை.

ஒட்டும் டயர் பட்டன் தேயும் முன்பே கிழடாவதும் உண்டு. ஒவ்வொரு முறை நன்றாகச் சூடேறி ஆறும்போதும் ரப்பர் கொஞ்சம் இறுகும். பார்வைக்குப் பாதி டிரெட் மிச்சம் இருக்கும், பிடிப்பு போயிருக்கும். அதே டயரில் மழையில் வீடு திரும்புவது வேறு ஆபத்து. இந்த வகை டயர்களில் தண்ணீரை வெளியேற்றும் பள்ளங்கள் பிறக்கும்போதே குறைவு. சட்டம் சொல்லும் 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருந்தாலும், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நவம்பர் மழையில் தேங்கிய நீரின் மேல் கார் மிதக்க அதிக வேகம் தேவைப்படாது. அமெரிக்கக் கிளப்புகளில் பலர் இரண்டாவது செட் சக்கரத்தைச் சின்ன டிரெய்லரில் ஏற்றிவருவது இதற்காகத்தான். நம்மூரில் பின்சீட்டை மடக்கி, பழைய படுக்கை விரிப்பைப் போட்டு, நாலு சக்கரத்தை உள்ளே திணித்துவருகிறவர்கள் உண்டு.

காப்பீட்டுக் காகிதத்தையும் ஒருமுறை விரித்துப் பார்க்க வேண்டும். இந்தியாவின் வழக்கமான தனியார் கார் பாலிசியில் ‘பயன்பாட்டு வரம்புகள்’ என்றொரு பத்தி இருக்கும். ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயமும் வேகச் சோதனையும் அதில் விலக்கு. தடத்தில் சுவரைத் தொட்டால் செலவு கைக்காசு. டயர்க் கணக்கு போடும்போது இந்த வரியையும் சேர்த்துக்கொள்கிறவர் குறைவு.

மாலை

இரண்டாவது அமர்வுக்கு முன் ஸ்விஃப்ட்காரர் சூடாக இருந்த டயரிலிருந்து காற்றை இறக்கி 36 வைத்தார். இடது, வலது முன் டயர்களின் தோளில் சாக்பீஸ் கோடும் ஏறியது. பழைய வேகத்தில் போகாமல், இரண்டு சுற்று அடித்து ஒரு சுற்று ஆறவிட்டு ஓட்டினார். திரும்பி வந்தபோது கோடு முக்கோணத்தின் முனையில் நின்றது. கறுப்புத் திரிகள் இருந்தன, ஆனால் காலையில் இருந்ததில் பாதிதான்.

வெயில் தாழ்ந்து, டீ குடித்து, ஹெல்மெட்டைப் பையில் போட்டு, நெடுஞ்சாலையில் ஏறியதும் முதல் பெட்ரோல் பங்க்கில் ஒதுங்குகிறார். ஏர் குழாயை இழுத்துக்கொண்டு வந்த பையன் வால்வு மூடியைக் கழற்றி அளவு பார்த்துவிட்டு நிமிர்கிறான்.

“என்ன சார், நாலுலயும் 28தான் இருக்கு. பஞ்சரா?”

“இல்லப்பா. 33 வையி.”